அறிவுரை போதும், நடக்க இடம் வேண்டும்

சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் மின்சார ரயில் தாம்பரத்தை அடைவதற்கு முந்தைய நிலையம் 'தாம்பரம் சானடோரியம்'. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்கும் அந்த நிலையத்தின் பெயர், ஒரு பழைய சிகிச்சை முறையை நினைவூட்டுவது என்பதை அறிந்தவர்கள் இன்று குறைவு. மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928-ஆம் ஆண்டு இங்கே காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அது அரசின் வசமானது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக அது தொடர்கிறது.

காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, சத்தான உணவு, உடல் தேறத் தேறச் சிறிது சிறிதாகக் கூட்டப்படும் நடை ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. பின்னர் மருந்துகள் வந்தன. வீட்டிலிருந்தபடி மருந்து உட்கொண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடைகிறார்கள் என்பதை 1950-களின் இறுதியில் சென்னையில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு உலகுக்குக் காட்டியது. சானடோரியங்களின் காலம் அத்துடன் முடிவுக்கு வந்தது.

இன்று தென்சென்னைப் புறநகர்க் குடும்பங்களை வருத்தும் நோய்கள் வேறு. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், உடல்பருமன், இதய நோய் ஆகியவை வீட்டுக்கு வீடு பேச்சாகிவிட்டன. இவற்றுக்கு மருந்து உண்டு. ஆயினும் பெரும்பாலோர் அந்த மருந்தை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே மருத்துவர்கள் மீண்டும் உணவையும் நடையையுமே முதலில் பரிந்துரைக்கிறார்கள். பழைய சானடோரியத்துக்கும் இன்றைய பரிந்துரைக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அன்று நோயாளிக்கு அறிவுரையோடு காற்றோட்டமான இடமும், அளந்து சமைத்த உணவும், நடக்கப் பாதையும் சேர்த்தே தரப்பட்டன. இன்று மருந்துச் சீட்டின் ஓரத்தில் 'தினமும் 30 நிமிடம் நடக்கவும்' என்று எழுதப்படுகிறது. எங்கே நடப்பது என்பதை யாரும் எழுதுவதில்லை.

எண்கள் சொல்வது என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே அமைப்பு 2008-10 காலகட்டத்தில் ஆய்ந்தபோது தமிழ்நாட்டில் நீரிழிவு 10.4 விழுக்காடாக இருந்தது. 2023-இல் வெளியான அறிக்கையில் அது 14.4 விழுக்காடு. நாட்டின் சராசரியோ 11.4 விழுக்காடு.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பும் இதே திசையைக் காட்டுகிறது. 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது சுற்றின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல்பருமனோ கொண்டவர்கள். அதற்கு முந்தைய சுற்றில் இது 30.9 விழுக்காடாக இருந்தது. அதே ஐந்தாவது சுற்றில், அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. எடை கூடுகிறது, சத்து கூடவில்லை. உணவின் அளவைக் காட்டிலும் அதன் சேர்மானத்தில்தான் கோளாறு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நடையும் உணவும் உண்மையிலேயே பலன் தருமா?

இந்த ஐயத்துக்கான விடையைத் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான பொது ஆலோசனை மட்டும். இரண்டாவது குழுவுக்கு உணவு மாற்றமும் நாள்தோறும் அரை மணி நேர விறுவிறுப்பான நடையும். மூன்றாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது குழுவுக்கு இரண்டும்.

மூன்று ஆண்டுகளின் முடிவில் முதல் குழுவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகளாகியிருந்தனர். உணவையும் நடையையும் கைக்கொண்ட குழுவில் அது 39.3 விழுக்காடு. மாத்திரைக் குழுவில் 40.5. இரண்டையும் சேர்த்துப் பின்பற்றிய குழுவில் 39.5. நடையும் உணவும் மாத்திரைக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. இரண்டையும் சேர்ப்பதால் கூடுதல் பலனும் இல்லை. பொருளியல் படித்தவன் என்ற முறையில் அந்த ஆய்வின் செலவுக் கணக்கு என்னை ஈர்த்தது. ஒருவரை நீரிழிவிலிருந்து காக்க உணவு, நடை முறைக்கு ஆன செலவு சுமார் 47 ஆயிரம் ரூபாய். மாத்திரை முறைக்கு 49 ஆயிரம். இரண்டும் சேர்ந்தால் 61 ஆயிரம். பலன் சமம் என்றால் செலவு குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதே அறிவு.

இந்த ஆய்வில் பலர் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று உண்டு. வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்ட குழுவினரின் எடை குறையவில்லை. ஆயினும் நோய் குறைந்தது. இரண்டு மாதம் நடந்துவிட்டு, எடை இயந்திரத்தின் முள் அசையவில்லை என்று மனம் தளர்ந்து வீட்டில் உட்கார்ந்துவிடுபவர்கள் நம்மிடையே ஏராளம். முள் அசையாவிட்டாலும் உள்ளே நன்மை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கவலை தரும் செய்தியும் அதே எண்களில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 2002-இல் வெளியான இதே போன்ற ஆய்வில், மருந்தோ பயிற்சியோ இல்லாத குழுவில் மூன்று ஆண்டுகளில் நீரிழிவுக்கு உள்ளானவர்கள் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர். நம் ஊர் ஆய்வில் 55 விழுக்காட்டினர். விளிம்பில் நிற்கும் இந்தியர் வெகு விரைவாக உள்ளே விழுந்துவிடுகிறார். 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவதற்கு நமக்குக் காலம் குறைவு.

இரண்டு குடியிருப்புகள்

ஆய்வில் சேர்ந்தவர்களை அழைத்து ஆலோசனை சொல்லவும், தொடர்ந்து விசாரிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு நகரத்தின் லட்சக்கணக்கான மக்களுக்கு அப்படி யார் செய்வது? இதற்கும் சென்னையிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது.

1990-களின் பிற்பகுதியில் மருத்துவர் வி.மோகன் குழுவினர் சென்னையில் இரண்டு குடியிருப்புகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். ஒன்று திருமங்கலம் பகுதியில் உள்ள நடுத்தர வருமானக் குடியிருப்பான ஏசியாட் காலனி. மற்றொன்று தியாகராய நகரின் குறைந்த வருமானக் குடியிருப்பு. தொடக்கத்தில் நடுத்தர வருமானக் குடியிருப்பில் நீரிழிவு 12.4 விழுக்காடு, குறைந்த வருமானக் குடியிருப்பில் 6.5 விழுக்காடு. அன்றைக்கு நீரிழிவு 'பணக்காரர் நோய்' என்றே அழைக்கப்பட்டது.

ஏசியாட் காலனியில் உடல் உழைப்பின் அவசியம் குறித்துச் சொற்பொழிவுகள் நடத்தப்பட்டன, துண்டறிக்கைகள் வழங்கப்பட்டன, காணொலிகள் காட்டப்பட்டன. இவை எல்லா ஊரிலும் நடப்பவைதாம். அடுத்து நடந்ததுதான் புதுமை. அங்கு வசித்தவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்தார்கள். தொடக்கத்தில் வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 விழுக்காட்டினர் மட்டுமே. சில ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது அது 58.7 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அறிவுரை கேட்ட மக்கள் அதைப் பின்பற்ற ஓர் இடமும் அமைந்தபோது நான்கு மடங்கினர் நடக்கத் தொடங்கினர்.

பத்தாண்டுகளுக்குப் பிறகு இரு குடியிருப்புகளும் மீண்டும் ஆராயப்பட்டன. நடுத்தர வருமானக் குடியிருப்பில் நீரிழிவு 12.4-இலிருந்து 15.4 விழுக்காடானது. குறைந்த வருமானக் குடியிருப்பில் 6.5-இலிருந்து 15.3 விழுக்காடாகப் பாய்ந்தது. முன்னதில் உயர்வு 24 விழுக்காடு. பின்னதில் 135 விழுக்காடு. ஏழைக்கு இருந்த ஒரே அனுகூலமும் பத்தாண்டுகளில் கரைந்துபோனது.

இரண்டு குடியிருப்புகளை மட்டும் ஒப்பிட்டு, பூங்கா ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவுகட்டுவது சரியாகாது. வருமானம், வேலையின் தன்மை, உணவு எனப் பலவும் இடையில் மாறியிருக்கும். ஆயினும் ஒன்று உறுதி. நோய் வசதியானவரிடமிருந்து வசதியற்றவருக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. அதைத் தடுக்கும் வசதிகள் அந்த வேகத்தில் நகரவில்லை. மாதம் 15 ஆயிரம் ரூபாய் ஈட்டும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் மாத்திரை வாங்குவதும், கால் புண்ணுக்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ சிகிச்சை பெறுவதும் அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக் கல்வியையே விழுங்கிவிடும்.

மனஉறுதி மட்டுமா குறை?

'சோம்பல்தான் காரணம், மனம் வைத்தால் முடியும்' என்று சொல்வது எளிது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். ஆண்களில் 42 விழுக்காடு; பெண்களில் 57 விழுக்காடு. பெண்கள் ஆண்களைவிடச் சோம்பல் மிக்கவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்கும் சென்று திரும்பும் பெண்ணுக்கு மிஞ்சும் நேரம் இரவு எட்டு மணிக்குப் பிறகுதான். அப்போது விளக்கு எரியாத தெருவில் அவர் எப்படி நடப்பார்? குறை மனத்தில் இல்லை. நேரத்திலும் இடத்திலும் இருக்கிறது.

பொருளியலில் 'பொதுப்பண்டம்' என்றொரு கருத்து உண்டு. தெருவிளக்கைப் போல, ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாதது; பணம் கொடுத்தவருக்கு மட்டும் என்று பிரித்துத் தர முடியாதது. இத்தகைய பண்டங்களைச் சந்தை தானாகத் தருவதில்லை. உடற்பயிற்சிக் கூடத்தைச் சந்தை தரும். அதன் மாதக் கட்டணத்தைக் கட்டக்கூடியவர்கள் அங்கே போவார்கள். நடைபாதையைச் சந்தை தராது. மக்கள் கூடிச் செய்ய வேண்டும். அல்லது மக்களின் வரிப்பணத்தில் உள்ளாட்சி செய்ய வேண்டும்.

தாம்பரத்துக்கு இருக்கும் வாய்ப்புகள்

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள் கொண்ட இந்த இளம் மாநகராட்சி, பழைய சென்னைக்கு வாய்க்காத சில செல்வங்களைக் கொண்டிருக்கிறது.

முதலாவது, ரயில் தடம். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இந்த மாநகராட்சியின் மக்கள் பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர் என ஐந்து நிலையங்களைச் சார்ந்து வாழ்கிறார்கள். ஒரு சிறு கணக்கு. வீட்டிலிருந்து நிலையத்துக்கு 15 நிமிட நடை. மாலையில் திரும்ப 15 நிமிட நடை. வாரம் ஐந்து நாள்களுக்கு 150 நிமிடங்கள். உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்குப் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவும் வாரத்துக்கு 150 நிமிடங்களே. தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், தனி உடை வேண்டாம், கட்டணம் வேண்டாம். வேலைக்குப் போய் வருவதே உடற்பயிற்சியாகிவிடும்.

ஆனால் அந்த ஒன்றேகால் கிலோமீட்டரை நடந்து பாருங்கள். நடைபாதை இருந்தால் அதில் இருசக்கர வாகனங்கள் நிற்கும். அவை இல்லாத இடத்தில் மழைநீர் வடிகாலின் மூடி பெயர்ந்து கிடக்கும். மின்மாற்றியைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கினால் பின்னால் பேருந்து ஒலி எழுப்பும். ஜிஎஸ்டி சாலையைக் கடப்பதென்றால் முதியவர்களுக்கு அது தனிப் போராட்டம். இதனால் 15 நிமிடம் நடக்கக்கூடியவரும் வண்டியை எடுக்கிறார். அல்லது ஷேர் ஆட்டோவில் ஏறுகிறார். நிலையத்தில் வண்டி நிறுத்தக் கட்டணமும் கட்டுகிறார். நடக்காமலிருக்கப் பணம் செலவழிக்கும் நிலைக்கு நம் தெருக்கள் நம்மைத் தள்ளியிருக்கின்றன.

தடையற்ற, ஆக்கிரமிப்பற்ற நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. பக்கத்து மாநகராட்சியான சென்னை, நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்குமான தனிக் கொள்கையை 2014-லேயே ஏற்றுக்கொண்டது. தாம்பரமும் அதைப் பின்பற்றலாம். ஐந்து ரயில் நிலையங்களைச் சுற்றி ஒன்றேகால் கிலோமீட்டர் தொலைவுக்கு, இடையில் அறுந்துபோகாத நடைபாதையை முதற்பணியாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது செல்வம், ஏரிகள். சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை என்று நம் ஊர்ப் பெயர்களோடு ஏரிகளும் பிணைந்திருக்கின்றன. 2019-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் சிட்லபாக்கம் மக்கள் தாங்களே மண்வெட்டியுடன் ஏரியில் இறங்கித் தூய்மைப்படுத்தினர். அதன் பின்னர் மாநில அரசு அந்த ஏரிக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. குப்பை கொட்டப்பட்ட கரையில் இன்று மக்கள் நடக்கிறார்கள். ஏசியாட் காலனியில் நடந்தது நம் பகுதியிலும் நடக்கும் என்பதற்கு இது சான்று. நீருக்காகத் தொடங்கிய முயற்சி நலவாழ்வுக்கும் வழிவகுத்தது.

மூன்றாவது, நம் கண்முன்னே இருந்தும் நாம் கேட்காத நிலம். தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி, 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலாக 10 விழுக்காட்டு இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குக் கொடையாக அளிக்க வேண்டும். புறநகரில் எத்தனை மனைப்பிரிவுகள் உருவாகியுள்ளன என்பதை நாம் அறிவோம். அந்த இடங்களின் பட்டியலை வார்டு வாரியாக வெளியிட்டாலே போதும். எது பூங்காவாக இருக்கிறது, எது புதராகக் கிடக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

தட்டில் என்ன இருக்கிறது?

நடை ஒரு கால் என்றால் உணவு மறு கால். சென்னையில் முன்பு நடந்த மற்றோர் ஆய்வில், நகர மக்கள் உண்ணும் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 47 விழுக்காடு தீட்டப்பட்ட தானியங்களிலிருந்து வந்தது. அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி. 2025-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியர்களின் உணவு ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்து. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, தானியங்களிலிருந்தும் சிறுதானியங்களிலிருந்தும் கிடைக்கும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது; நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் உண்ணச் சொல்கிறது.

'நம் தாத்தா மூன்று வேளையும் சோறு தின்று எண்பது வயது வாழ்ந்தாரே' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தாத்தா ஏற்றம் இறைத்தார்; கழனியில் நின்றார்; சந்தைக்கு நடந்தார். அவர் உண்ட அரிசியில் தவிடு இருந்தது. நாம் சோற்றை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, உழைப்பையும் தவிட்டையும் விட்டுவிட்டோம்.

காய்கறிக்கு நாம் வைத்திருக்கும் பெயரே நம் உணவின் அமைப்பைக் காட்டிவிடும். 'தொட்டுக்கொள்ள என்ன?' என்றுதான் கேட்கிறோம். தொட்டுக்கொள்ளும் அளவுக்கே அது தட்டில் இடம்பெறுகிறது. அந்த அளவை மாற்றுவதுதான் முதல் மாற்றம். சோற்றில் கால்வாசியைக் குறைத்து, அந்த இடத்தில் அவரைக்காயோ கீரையோ வைக்கலாம். மாலையில் பிஸ்கட்டுக்கும் பஜ்ஜிக்கும் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் உண்ணலாம். சாம்பாரில் பருப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி சேர்க்கலாம். முட்டை, மீன் உண்பவர்கள் அவற்றைக் குழம்பில் பொறித்ததாக இல்லாமல் வேகவைத்ததாக எடுத்துக்கொள்ளலாம். சிறுதானியம் நல்லதுதான், அதற்காகத் தினை தோசை என்று ஆறு தோசை உண்டால் பயனில்லை, தினையிலும் மாவுச்சத்து உண்டு. இரவு ஒன்பது மணிக்கு ரயிலிலிருந்து இறங்கி வீடு திரும்புவோர், உண்டவுடன் படுக்காமல் பத்து நிமிடம் தெருவில் நடந்தால் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை மட்டுப்படும். ஏற்கெனவே இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின் மாற்றங்களைத் தொடங்க வேண்டும்.

இங்கும் தனிமனித மனஉறுதியை மட்டும் நம்பிப் பயனில்லை. விலையே பல வீடுகளில் தட்டை நிரப்புகிறது. நியாயவிலைக் கடையில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். சர்க்கரையும் பாமாயிலும் மலிவு. பருப்பு மாதம் ஒரு கிலோ. காய்கறியும் பழமும் வெளிச்சந்தை விலையில். இந்த விலை வரிசையில் ஓர் ஏழைக் குடும்பம் எதை அதிகம் உண்ணும் என்பதைச் சொல்லப் பொருளியல் பட்டம் தேவையில்லை. இலவச அரிசியைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று; பசியை விரட்டியதில் அதன் பங்கு பெரிது. பசி விலகிய இடத்தில் அடுத்த கட்டத்துக்குத் திட்டம் வளர வேண்டும் என்பதே வேண்டுகோள். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-இல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதே முறையில், விரும்புவோர் அரிசியின் ஒரு பகுதிக்கு ஈடாகப் பருப்பைப் பெறும் வாய்ப்பைப் புறநகர்களில் சோதித்துப் பார்க்கலாம்.

மற்றொரு பக்கம், 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி இந்திய நகர்ப்புறக் குடும்பங்கள் மாதச் செலவில் 10.64 விழுக்காட்டைப் பானங்களுக்கும், சிற்றுண்டிகளுக்கும், பதப்படுத்தப்பட்ட உணவுகளுக்கும் செலவிடுகின்றன. தானியங்களுக்கு ஆகும் செலவு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. கையில் கூடுதலாக வந்த காசு காய்கறிக்குப் போகவில்லை, பொட்டலத்துக்குப் போகிறது. அந்தக் காசைத் திருப்பிவிடுவது அரசால் மட்டும் ஆகாது. அது குடும்பத்தின் வேலை.

அரசு செய்வதும் செய்ய வேண்டியதும்

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மருந்துகளை வீட்டு வாசலில் கொண்டு சேர்க்கிறது. ஐ.நா. அமைப்பின் விருதையும் அது பெற்றது. பாராட்டத்தக்க பணி. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகள் அடையாளம் காணப்பட்டன. அதுவும் நல்ல தொடக்கம். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது விழாவுக்குப் போதும், வாழ்க்கைக்குப் போதாது. மாதம் ஒருமுறை 8 கிலோமீட்டர் நடப்பதைவிட நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பதே உடலுக்கு வேண்டியது. அதற்கான பாதை நம் தெருமுனையில் தொடங்க வேண்டும். மருந்தைத் தேடி வந்து கொடுக்கும் அரசு, மருந்து தேவைப்படாத நாள்களை நீட்டிக்கும் நடைபாதையையும் தேடி வந்து தர வேண்டும்.

இதைக் கேட்பதற்கு ஒரு மேடையும் இருக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் நடந்த முதல் பகுதி சபைக் கூட்டங்களில் ஒன்றில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அந்தக் கூட்டம் நடந்தது நம் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்தான். சாலை, குடிநீர், குப்பை ஆகியவற்றைப் பற்றி அங்கே பேசுகிறோம். நடைபாதையைப் பற்றி, பூங்கா விளக்கைப் பற்றி, பெண்கள் மாலையில் அச்சமின்றி நடக்கும் இடத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவற்றை நலவாழ்வுச் செலவாக நாம் கருதாததே காரணம்.

குடியிருப்போர் நலச்சங்கங்கள் அடுத்த பகுதி சபைக்கு மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொண்டுபோகலாம். ஒன்று, வார்டில் உள்ள திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்களின் பட்டியல். இரண்டு, வார்டின் மையத்திலிருந்து அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ தடையற்ற நடைபாதை ஒன்று. மூன்று, இரவு ஒன்பது மணி வரை விளக்கு எரியும் நடைதளம் ஒன்று. இவற்றுக்குக் கோடிகள் தேவைப்படா. ஏசியாட் காலனி மக்கள் தங்கள் கைப்பணத்தில் செய்ததை, வரி கட்டும் 70 வார்டுகளின் மக்கள் கேட்டுப் பெறுவது பெரிய காரியம் அன்று.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். மாலையில் ஒரே தெருவைச் சேர்ந்த நான்கு பேர் சேர்ந்து நடக்கத் தொடங்கினால், அந்தத் தெருவில் வண்டியை நிறுத்துபவர் சற்றுத் தள்ளி நிறுத்துவார். பெயர்ந்த வடிகால் மூடி நால்வரின் கண்ணில் படும். நால்வரின் பெயரில் புகார் போகும். தனியாக நடக்கத் தயங்கும் பக்கத்து வீட்டு அம்மாவும் அவர்களோடு சேர்ந்துகொள்வார்.